தொட்டதும் என்றால் எப்போது?

1998இல், காப்புரிமை வழக்குகளைக் கேட்கும் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு வினோதமான பிணக்கு வந்தது. மோதிக்கொண்ட இருவருமே அளவுக் கருவி செய்கிறவர்கள்: இங்கிலாந்தின் ரெனிஷா, இத்தாலியின் மார்போஸ். ஊசி போன்ற ஒரு முனை பொருளைத் தொடும்போது கருவி சைகை கொடுக்கும் என்பது ரெனிஷாவின் காப்புரிமை வாசகம். மார்போஸின் கருவியும் சைகை கொடுத்தது. ஆனால் முனை பொருளில் பட்டு, இன்னும் சற்றே தள்ளப்பட்ட பிறகுதான் கொடுத்தது. அது 'தொடும்போது' ஆகுமா?

தொடும்போது, தொட்டதும், தொட்டவுடன், தொட்ட பிறகு என்று தமிழில் நான்கு படிகள் வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் நின்றது ஒற்றைச் சொல். தொட்ட பிறகு எப்போது சைகை வந்தாலும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும் என்று ரெனிஷா வாதிட்டது. காப்புரிமையின் விளக்கப் பகுதி தாமதத்தைக் குறைப்பதைப் பற்றித்தான் பேசுகிறது, ஆகவே அதற்கு 'தொட்டதும், முடிந்தவரை சீக்கிரமாக' என்பதே பொருள் என்றது நீதிமன்றம். ரெனிஷா தோற்றது.

காப்புரிமை வாசகத்துக்குப் பொருள் கொள்வது எப்படி என்பதற்கு வழக்கறிஞர்கள் இன்றும் இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறார்கள். எந்திரப் பட்டறைப் பக்கமிருந்து பார்த்தால் அதில் வேறொன்று தெரிகிறது. தொடுவதற்கும் தொட்டேன் என்று சொல்வதற்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. அது எந்தக் கருவியிலும் முழுக்க மறைவதில்லை. அந்த இடைவெளியை என்ன செய்வது என்ற கேள்வியை வைத்தே ஐம்பது ஆண்டுகளாகப் பிழைத்துவரும் ரெனிஷா நிறுவனத்தின் கதை இது. கூடவே இன்னொரு பழைய கேள்வியையும் பார்த்தாக வேண்டும். ஒரு பொருளை எங்கே, எப்போது அளப்பது? வெட்டி முடித்து, வேறொரு அறைக்குக் கொண்டுபோயா? வெட்டும் எந்திரத்தின் மேலேயேவா?

அறைக்குள் போன அளவு

ஸ்வீடனின் எஸ்கில்ஸ்டூனாவில் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த கார்ல் எட்வர்ட் ஜொஹான்சனிடமிருந்து தொடங்குவது நல்லது. 1890களின் நடுவில், மவுசர் துப்பாக்கி எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்க்க அவர் ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃபுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். அங்கே ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனி எஃகுக் கட்டை. துப்பாக்கியின் உறுப்புகள் பெருகப் பெருகக் கட்டைகளும் பெருகிக்கொண்டே போயின. ஊருக்குத் திரும்பும் ரயிலில் ஜொஹான்சன் கணக்குப் போட்டார்: அளவுக்கு ஒரு கட்டை எதற்கு? சில கட்டைகளை ஒன்றோடொன்று சேர்த்து வேண்டிய அளவை உண்டாக்கினால் போதாதா? 102 கட்டைகள் இருந்தால் ஏறத்தாழ 20,000 அளவுகளை நூறில் ஒரு மில்லிமீட்டர் படியில் அடையலாம் என்று வந்தது. கட்டைகளின் முகங்களை இழைத்து முடிக்க வீட்டிலிருந்த தையல் எந்திரத்தை மாற்றியமைத்துக்கொண்டார். 1901இல் ஸ்வீடன் காப்புரிமை கொடுத்தது. 1923இல் அவரை ஃபோர்டு நிறுவனம் தன்னிடம் சேர்த்துக்கொண்டது.

நம் ஊர்ப் பட்டறைகளில் 'ஸ்லிப் கேஜ்' என்று சொல்லும் பெட்டி இதுதான். இரண்டு கட்டைகளைத் துடைத்து, ஒன்றின் மேல் ஒன்றைத் தேய்த்து வைத்தால் பசை போட்டதுபோல ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெட்டி பெரும்பாலும் பட்டறையில் இருக்காது. குளிர்பதன அறையில், பூட்டின அலமாரியில், 'குவாலிட்டி'க்காரர் பொறுப்பில் இருக்கும். அளவு நுட்பமாக ஆக ஆக அது எந்திரத்தை விட்டு விலகி அறைக்குள் போய்விட்டது. 1931இல் பன்னாட்டு அளவைக் குழு நீளத்துக்கான அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி என்று முடிவு செய்தது. 1951இல் பன்னாட்டுத் தர அமைப்பின் முதல் பரிந்துரையும் அதே வெப்பநிலையைப் பற்றியதுதான். உலகத் தொழில்துறைக்கு முதல் எண்ணில் கிடைத்த விதி, அளக்கும் அறை எவ்வளவு குளிராக இருக்க வேண்டும் என்பது!

1950களில் ஸ்காட்லாந்தின் ஃபெரான்டி நிறுவனம் அந்த அறைக்குள் ஒரு பெரிய மேசையைக் கொண்டுவந்தது. மூன்று திசைகளில் நகரும் ஒரு கை, ஒவ்வொரு திசைக்கும் கோடுகள் பொறித்த அளவுப்பட்டை, எண்ணாகத் தெரியும் முடிவு. சி.எம்.எம். என்று இன்று எல்லோரும் சொல்லும் எந்திரத்தின் முன்னோடி அது. அளக்கும் வேகம் பலமடங்கு கூடியது. ஆனால் கையின் நுனியில் இருந்தது வெறும் கடினமான எஃகு முனை. அதைத் துளைக்குள் நுழைத்தும் பக்கத்தில் சாய்த்தும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் மெல்லச் சாய்ப்பார், இன்னொருவர் அழுத்திச் சாய்ப்பார். எஃகுத் துண்டானால் பரவாயில்லை. மெல்லிய குழாயானால்?

ஒரு வார இறுதி

அந்த மெல்லிய குழாய் கான்கார்ட் விமானத்தின் ஒலிம்பஸ் எந்திரத்தில் இருந்தது. பிரிஸ்டல் அருகே ஃபில்டனில் ரோல்ஸ்-ராய்ஸ் அந்த எந்திரத்தை உருவாக்கிக்கொண்டிருந்தது. அதே ரோல்ஸ்-ராய்ஸ் இன்னொரு எந்திரத்தின் செலவு தாங்காமல் 1971இல் திவாலாகி, அரசின் கைக்குப் போயிருந்த நேரம். எரிபொருள் குழாய்களைத் துல்லியமாக அளந்தாக வேண்டும். கடினமுனை பட்டால் குழாய் வளைகிறது. வளைந்ததை அளந்தால் அது அளவா?

அங்கே எந்திர வடிவமைப்பில் மேல்நிலையில் இருந்தவர் டேவிட் மெக்மர்ட்ரி. 1940இல் டப்ளினில் பிறந்தவர், பயிற்சித் தொழிலாளியாகப் படியேறி வந்தவர். 1972இல் ஒரு வார இறுதியில் வீட்டில் உட்கார்ந்து அவர் செய்த கருவி, அளப்பது என்ற சொல்லின் பொருளையே கொஞ்சம் நகர்த்தியது. அதன் உள்ளமைப்பை விளக்காமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

ஒரு மெல்லிய தண்டு. அதன் நுனியில் செயற்கை மாணிக்கத்தில் கடைந்த சிறு குண்டு. தண்டின் மேற்பகுதியிலிருந்து மூன்று பக்கங்களில், சம இடைவெளியில், மூன்று குட்டி உருளைக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கம்பியும் இரண்டு எஃகுக் குண்டுகளின் நடுப்பள்ளத்தில் உட்காரும். மேலிருந்து ஒரு சுருள்வில் இவற்றை அழுத்திப் பிடித்திருக்கும். கம்பிக்கு இரண்டு வீதம் மொத்தம் ஆறு தொடுபுள்ளிகள். ஒரு பொருளை வெளியிலே ஒரே நிலையில் நிறுத்த ஆறு கட்டுப்பாடுகள் போதும். ஐந்து இருந்தால் ஆடும், ஏழு இருந்தால் ஒன்றோடொன்று சண்டை போடும். ஆறு இருந்தால் எத்தனை முறை தள்ளிவிட்டாலும் அது பழைய இடத்திலேயே வந்து உட்காரும். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பதற்கும் இதற்கும் உறவு உண்டு.

மெக்மர்ட்ரி அந்த ஆறு புள்ளிகள் வழியாகவே வரிசையாக மின்சாரத்தைச் செலுத்தினார். குண்டு பொருளில் பட்டதும் தண்டு லேசாகச் சாய்கிறது. ஏதோ ஒரு புள்ளியில் அழுத்தம் குறைகிறது, அங்கே மின்தடை ஏறுகிறது. தடை ஓர் எல்லையைத் தாண்டிய கணத்தில் கருவி 'இப்போது' என்கிறது. அவ்வளவுதான். எந்திரம் உடனே நிற்க வேண்டிய அவசியம் இல்லை. அந்தக் கணத்தில் மூன்று அளவுப்பட்டைகளும் என்ன காட்டின என்பதை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் ஓடியே நிற்கலாம். அந்தக் கூடுதல் ஓட்டத்தை வில் தாங்கிக்கொள்ளும். பின்வாங்கினால் கம்பிகள் பள்ளத்தில் மீண்டும் உட்காரும்.

இந்தக் கருவி எதையும் அளப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதனுள் மில்லிமீட்டர் கிடையாது, கோடு கிடையாது, எண் கிடையாது. அளப்பவை எந்திரத்தின் பட்டைகள். இது வெறும் சாட்சி. ஒரே சொல் சொல்லத் தெரிந்த சாட்சி. ஆனால் அந்தச் சொல்லை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் சொல்லும். அது சீக்கிரம் சொல்வதைவிட ஒரே மாதிரி சொல்வதுதான் பெரிது. ரெனிஷா நிறுவனத்தின் பிற்கால வெற்றிகளையும் சறுக்கல்களையும் பார்க்கும்போது எனக்குப் பிடிபட்ட நூல் இது ஒன்றுதான்.

கடையில் வாங்கிய பெயர்

காப்புரிமை ரோல்ஸ்-ராய்ஸுக்குச் சொந்தம். விமான எந்திரம் செய்கிற நிறுவனத்துக்கு அளவுக் கருவி விற்கிற ஆசை இல்லை. ஆகவே மெக்மர்ட்ரியும் உடன் வேலை பார்த்த ஜான் டீரும் உரிமத்தைப் பெற்று 1973இல் தனி நிறுவனம் தொடங்கினார்கள். புதிதாகப் பதிவு செய்யக் காத்திருக்காமல், முன்பே பதிவாகி விற்பனைக்கு இருந்த 'ரெனிஷா எலெக்ட்ரிகல்' என்ற பெயர்க் கம்பெனியை வாங்கினார்கள். ரெனிஷா என்பது டார்பிஷயரில் உள்ள ஒரு கிராமம். நிறுவனத்துக்கும் அந்த ஊருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இன்று உலகமெங்கும் சி.எம்.எம். அறைகளில் புழங்கும் பெயர், அலமாரியில் தூசி படிந்து கிடந்த ஒரு தயார்ப் பெயர்.

இருவரும் உடனே வேலையை விட்டுவிடவில்லை. முதலில் டீர் வெளியேறினார், மெக்மர்ட்ரி பிறகுதான் வந்தார். ஒருவர் கண்டுபிடிக்க, ஒருவர் விற்க என்ற பிரிவினை கடைசிவரை நீடித்தது. நிறுவனம் குளோஸ்டர்ஷயரின் வோட்டன்-அண்டர்-எட்ஜ் என்ற சிற்றூரில் வேர்விட்டது. ஒரு காலத்தில் கம்பளித் துணிக்குப் பேர்போன பக்கம் அது. தலைமையகமாக அமைந்ததும் 19ஆம் நூற்றாண்டுத் துணியாலை ஒன்றுதான். தறி ஓடிய தளங்களில் மைக்ரான் ஓடியது. 1980களின் முதல் பாதியில் லண்டன் பங்குச் சந்தைக்கும் வந்துவிட்டார்கள். ஆனாலும் பாதிக்கு மேற்பட்ட பங்குகள் நிறுவிய இருவரிடமே இருந்தன. அதனால்தான் வருவாயில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலாக ஆராய்ச்சிக்கே ஒதுக்கும் பழக்கத்தைப் பங்குச் சந்தைக்காரர்களின் முணுமுணுப்பு அசைக்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

தொடக்க ஆண்டுகளில் 'புரோப்' எனப்படும் இந்தத் தொடுகருவி போனது சி.எம்.எம். எந்திரங்களுக்குத்தான். எந்திரம் செய்கிறவர்கள் பலர், அவர்கள் எல்லோருக்கும் நுனி வேண்டும். யாரோடும் போட்டி போடாமல் எல்லோருக்கும் விற்கக்கூடிய பொருள் இது. தங்கம் தோண்டப் போனவர்களுக்கு மண்வெட்டி விற்றவர் பிழைத்த கதைதான். பெரிய எந்திரத்தின் விலையோடு பார்த்தால் நுனியின் விலை சிறிது. ஆனால் அது இல்லாவிட்டால் பெரிய எந்திரம் குருடு.

வேலிக்கு ஓணான் சாட்சி

அடுத்த அடிதான் துணிச்சலானது. புரோப்பை அளக்கும் அறையிலிருந்து எடுத்து, வெட்டும் எந்திரத்தின் ஸ்பிண்டிலிலேயே பொருத்துவது. கட்டரைப் பிடிக்கும் அதே இடத்தில், கட்டரைப் போலவே மாற்றிக்கொள்ளும் ஒரு கருவியாக. கம்பி இழுக்க முடியாது என்பதால் அகச்சிவப்பு ஒளியாலும் பின்னாளில் வானொலி அலையாலும் செய்தி அனுப்பும் ஏற்பாடு. கூலண்ட் எண்ணெய் பீய்ச்சியடிக்கும், உலோகச் சீவல் பறக்கும் இடத்தில் வாழப் பழகிய சாட்சி.

இதனால் என்ன லாபம் என்று அம்பத்தூரிலோ கோவையிலோ ஒரு சி.என்.சி. பட்டறையில் நின்று பார்த்தால் உடனே புரியும். புதிய ஜாப் ஏறியதும் செட்டிங் தொடங்குகிறது. வைஸில் கட்டி, டயல் போட்டு, நேராக இருக்கிறதா என்று தட்டித் தட்டிச் சரிசெய்து, ஓரம் தொட்டு, மையம் எடுத்து, ஆஃப்செட் எண்ணைக் கையால் ஏற்றுவதற்குள் தேநீர் வேளை வந்துவிடும். அந்த நேரம் முழுக்க எந்திரம் சும்மா நிற்கிறது. கை தவறி ஓர் இலக்கம் மாறிப்போனால் ஸ்பிண்டில் நேரே போய் வைஸில் முட்டும். புரோப் இதைச் சில நிமிடங்களில் முடித்து, எண்ணையும் தானே ஏற்றிவிடுகிறது. ஜாப் சற்றுக் கோணலாகக் கட்டப்பட்டிருந்தால் அந்தக் கோணத்தை அறிந்து நிரலையே திருப்பிக்கொள்கிறது.

இவ்வளவில் யாருக்கும் மறுப்பு இல்லை. வெட்டிய பிறகு அதே எந்திரத்தில், அதே புரோப்பை வைத்து, 'சரியாக வெட்டினேனா?' என்று கேட்பதில்தான் சண்டை. குவாலிட்டிக்காரர்களின் வாதம் எளிது. எந்திரத்தின் பட்டை பத்து மைக்ரான் தப்பு என்று வைத்துக்கொள்வோம். வெட்டும்போது அந்தத் தப்போடு வெட்டியது. அளக்கும்போதும் அதே பட்டைதான், அதே தப்பு. இரண்டும் ஒன்றையொன்று மறைத்துவிடும், முடிவு 'சரி' என்று வரும். வேலிக்கு ஓணான் சாட்சி என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான்.

வெப்பத்தைச் சேர்த்தால் வாதம் இன்னும் வலுக்கிறது. எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 11.5 மைக்ரான் நீளும், அலுமினியம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. சென்னையில் மே மாதத்தில் குளிர்பதனம் இல்லாத கொட்டகை 38 டிகிரி என்றால், அளவைக் குழுவின் 20 டிகிரியிலிருந்து 18 டிகிரி விலகல். 100 மில்லிமீட்டர் அலுமினியத் துண்டு 41 மைக்ரான் நீண்டு நிற்கும். தலைமுடியின் பாதிக்கும் மேல். சூடான எந்திரத்தின் மேல் சூடான துண்டை அளந்து 'ஓகே' போட்டு, குளிர் அறைக்குப் போனதும் 'ரிஜெக்ட்' என்று வருவதற்கு யாரைக் குறை சொல்வது?

மறுதரப்பின் வாதமும் லேசானதல்ல. இத்தாலியின் போலோன்யாவில் மரியோ பொஸாத்தி 1952இல் தொடங்கிய மார்போஸ் (அவர் பெயரின் முதல் எழுத்துகளைக் கோத்த பெயர்) அரவை எந்திரங்களில், அரைபடும்போதே அச்சின் விட்டத்தை அளந்து, அளவு வந்ததும் கல்லை நிறுத்தும் கருவியில்தான் பேரெடுத்தது. அதன் இரண்டு விரல்கள் பொருளை நேரே பிடித்து அளக்கின்றன, எந்திரத்தின் பட்டையை நம்புவதில்லை. ஆகவே எந்திரத்தின் மேல் அளப்பது என்றாலே ஓணான் சாட்சி ஆகிவிடாது, எதை வைத்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. தவிர, துண்டை அறைக்குக் கொண்டுபோய், ஆறவிட்டு, அளந்து, தப்பு என்று தெரிந்து திரும்பக் கொண்டுவந்து கட்டுவதற்குள் பழைய நிலை போய்விடும். பெரிய அச்சுகளையும் விமானப் பாகங்களையும் செய்கிறவர்களுக்கு இது பணக் கணக்கு. அறையிலிருந்து வரும் தீர்ப்பு எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும், நூறு துண்டுகள் வெட்டி முடிந்த பிறகு வந்தால் அது பிரேத பரிசோதனை அறிக்கைதான்.

என் கணிப்பில் இருதரப்பும் தவறான இடத்தில் மோதிக்கொண்டன. எந்திரத்தின் மேல் அளக்கலாமா என்பதைவிட, எந்திரத்தை நம்பலாமா என்பதே முதல் கேள்வி. ரெனிஷா அந்தக் கேள்வியையே அடுத்த சரக்காக்கியது. வணிகத் தந்திரம் என்றும் சொல்லலாம், நேர்மை என்றும் சொல்லலாம்.

1980களின் இறுதியில் அவர்கள் லேசர் கருவிக்குள் இறங்கினார்கள். ஹீலியம்-நியான் லேசரின் சிவப்பு ஒளிக்கு அலைநீளம் 0.633 மைக்ரான். அதையே அளவுகோலாக்கி, எந்திரத்தின் மேசை ஒரு மீட்டர் நகர்ந்தேன் என்று சொல்லும்போது உண்மையில் எவ்வளவு நகர்ந்தது என்று கேட்கலாம். கிடைக்கும் பிழைகளை அட்டவணையாக்கி எந்திரத்தின் மூளைக்குள் ஏற்றினால் அது தன்னைத் திருத்திக்கொள்ளும். லேசரை நிறுத்தி, ஒளியை நேராக்கி, எல்லா அச்சுகளையும் பார்க்க நாள் போகும். தினசரிச் சோதனைக்கு வேறொன்று வேண்டும்.

அந்த வேறொன்று அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் பிறந்தது. அங்கிருந்த ஜேம்ஸ் பிரையன் 1980களின் தொடக்கத்தில், இரண்டு முனைகளிலும் குண்டு உள்ள, நீண்டு குறுகும் ஒரு தண்டை எழுதிக் காட்டினார். ஒரு குண்டு மேசையில் காந்தக் கிண்ணத்தில், மற்றது ஸ்பிண்டிலில். எந்திரத்தை ஒரு வட்டம் போடச் சொல்ல வேண்டும். வட்டம் வட்டமாகவே வந்தால் தண்டின் நீளம் மாறாது. மாறினால் அந்த மாற்றத்தின் வடிவத்திலேயே நோய் எழுதியிருக்கும். இரண்டு அச்சுகள் செங்கோணமாக இல்லாவிட்டால் வட்டம் மூலைவிட்டமாக இழுத்த நீள்வட்டமாகும். திசை மாறும் இடங்களில் படிபோல் விழுந்தால் திருகுகம்பியில் தொய்வு. ரெனிஷா இதைப் 'பால்பார்' என்ற சரக்காக்கி, நோயின் பெயரையும் கணினியே சொல்லும்படி செய்தது. பத்து நிமிட வேலை. வைத்தியர் நாடி பிடிப்பதை இதற்கு உவமையாகச் சொல்லலாம். நாடிக்கும் வட்டத்துக்கும் கருத்து ஒன்றே: ஒரே அசைவில் உடம்பு முழுக்கப் பேச வைப்பது.

பட்டறைகளில் இதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு, அதுவும் எந்திரம் முட்டிய பிறகுதான் தேடுகிறார்கள் என்பது இன்னொரு பெருமூச்சு.

ஒப்பிடுவதற்குத் திரும்பல்

ஓணான் சிக்கலுக்கு இன்னொரு விடையும் இருந்தது. அது ரெனிஷாவின் சொந்தப் பட்டறையில் விளைந்தது. புரோப்பின் உறுப்புகளைத் தாங்களே வெட்டிக்கொள்வதற்காக 1990களில் அவர்கள் ஆளில்லாமல் ஓடும் எந்திரத் தொகுதி ஒன்றை அமைத்தார்கள். அதில், வெட்டவேண்டிய துண்டுகளோடு, துல்லியமாக அளந்து வைத்த ஒரு மாதிரித் துண்டும் சுற்றி வரும். எந்திரம் முதலில் மாதிரியைத் தொடும். அதன் அளவு முன்பே தெரியும் என்பதால், இந்த வெப்பத்தில், இந்த நேரத்தில் தன் பட்டை எவ்வளவு பொய் சொல்கிறது என்று அறிந்துகொள்ளும். பிறகு வெட்டிய துண்டைத் தொட்டு, அந்தப் பொய்யைக் கழித்துக்கொள்ளும். எந்திரம் சரியாக இருக்க வேண்டியதில்லை. அடுத்தடுத்த இரண்டு தொடுதல்களுக்கு இடையே மாறாமல் இருந்தால் போதும்.

2011இல் வந்த 'ஈக்வேட்டர்' என்ற கருவி இதே கருத்தின் கடைச்சரக்கு. எடை குறைந்த கால்களில் தொங்கும் ஒரு கை, முதலில் மாதிரித் துண்டையும் பிறகு வரிசையில் வரும் துண்டுகளையும் தொட்டுப் பார்த்து, வித்தியாசத்தை மட்டும் சொல்லும். பட்டறை சூடாகிவிட்டதா? மாதிரியை மறுபடி தொடு, தொடர்ந்து போ. குளிர் அறை வேண்டாம். நுட்பமெல்லாம் புதிது, எண்ணம் ஜொஹான்சனின் காலத்தது: தெரிந்ததோடு தெரியாததை ஒப்பிடு.

பட்டையும் சொத்தும்

நுனியிலிருந்து தொடங்கி, எந்திரத்தைச் சோதிப்பதற்கு வந்து, கடைசியில் ரெனிஷா எந்திரத்தின் பட்டைக்கே இறங்கியது. 20 மைக்ரானுக்கு ஒரு கோடு என்று பொறித்த எஃகு நாடா, அதை வாசிக்கும் என்கோடர். இந்தத் துறையில் அவர்களுக்கு முன்பே ஒரு மலை நின்றது. ஜெர்மனியின் ஹைடன்ஹைன், 1889இல் பெர்லினில் உலோகத்தில் எழுத்தும் கோடும் அரித்துத் தரும் பட்டறையாகத் தொடங்கிய நிறுவனம். 1928இல் ஈய சல்ஃபைடை வைத்து மூலப் பட்டையின் கோடுகளை உலோகத்தின் மேல் அப்படியே நகலெடுக்கும் முறையைக் கண்டது. ஒரு கோட்டை நுட்பமாகக் கீறுவது கைவினை. கீறிய கோட்டை ஆயிரம் முறை பிசகாமல் நகலெடுப்பதுதான் தொழில். போர் பெர்லின் பட்டறையை முடித்துவிட, நிறுவியவரின் மகன் ஜொஹானஸ் ஹைடன்ஹைன் 1948இல் பவேரியாவின் டிரௌன்ராய்ட்டில் மறுபடி தொடங்கினார். வெடிமருந்துக் கிடங்கு இருந்த இடத்தில், அகதிகளால் எழுந்த ஊர் அது. இன்று அந்த நிறுவனத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு.

இரண்டு நிறுவனங்களையும் அருகருகே வைத்தால் தொழில்நுட்பத்தைவிட உயில்தான் என்னை இழுக்கிறது. ஜொஹானஸ் ஹைடன்ஹைன் 1970இல் தன் பங்குகளை ஒரு அறக்கட்டளைக்கு மாற்றினார். தனக்குப் பின் யாரும் பிரித்து விற்றுவிடக் கூடாது என்ற ஏற்பாடு. ரெனிஷாவின் இருவரும் அப்படிச் செய்யவில்லை. 2021 மார்ச்சில், தங்களுக்கு வயதாகிவிட்டது, பாதிக்கு மேலான தங்கள் பங்கை விற்க விரும்புகிறோம் என்று அறிவித்தார்கள். கூடவே நிபந்தனை: வாங்குகிறவர் இந்த நிறுவனத்தின் போக்கையும் அதை நம்பி வாழும் ஊர்களையும் மதிக்க வேண்டும். ஜூலையில் பேச்சு முறிந்தது, விற்பனை இல்லை என்றார்கள். தாங்கள் எதிர்பார்த்த அளவைத் தொடுகிற வாங்குநர் வரவில்லை போலும். மெக்மர்ட்ரி 2024 டிசம்பரில் இறந்தார். 2001இல் சர் பட்டம் பெற்றவர், நூற்றுக்கணக்கில் காப்புரிமைகளில் பெயர் உள்ளவர். ஆனால் பொதுமக்களில் பலருக்கு அவர் அறிமுகம் வேறு வழியில்தான். வோட்டனருகே அவர் கட்டிய நவீன மாளிகை, 'ஷெர்லக்' தொலைக்காட்சித் தொடரில் வில்லனின் வீடாக வந்தது.

இத்தனைக்கும் நடுவே அந்த முதல் புரோப்பின் குறை ஒன்று தீராமல் இருந்தது. மூன்று கால்களில் உட்கார்ந்திருப்பதால் மூன்று திசைகளில் எளிதாகச் சாயும், இடைப்பட்ட மூன்று திசைகளில் சற்று அடம்பிடிக்கும். ஆகவே ஒரு வட்டத் துளையை அளந்தால் முடிவில் மும்மூலைச் சாயல் தெரியும். தண்டு நீளமானால் சாயல் பெரிதாகும். பின்னால் வந்த ரகங்களில் தொடுபுள்ளியின் மின்தடைக்குப் பதில், தண்டில் படும் விசையால் உள்ளே உண்டாகும் நுண்ணிய விகாரத்தை அறியும் உணரிகளை வைத்து இதைப் பெருமளவு அடக்கினார்கள். சாதாரண ரகம் ஒரு மைக்ரானுக்குள் திரும்பச் சொன்னால், இது கால் மைக்ரானுக்குள் சொல்லும். விலை கூட. அச்சு செய்கிறவர்கள் வாங்குகிறார்கள், மற்றவர்கள் பழைய முக்காலியோடே ஓட்டுகிறார்கள்.

எந்த ரகமானாலும், ஸ்டைலஸை, அதாவது நுனிக் குண்டு உள்ள தண்டை, மாற்றியதும் ஆபரேட்டர் செய்யும் ஒரு வேலை உண்டு. விட்டம் சான்றளிக்கப்பட்ட ஒரு எஃகு வளையத்தை மேசையில் கட்டி, புரோப்பை உள்ளே இறக்கிப் பல பக்கமும் தொட வைப்பார். நுனிக் குண்டின் விட்டம் 6 மில்லிமீட்டர் என்று பெட்டியில் எழுதியிருக்கும். எந்திரம் கணக்குப் போட்டுச் சொல்வது 6ஐவிடச் சில மைக்ரான் குறைவாகவே இருக்கும். குண்டு தேயவில்லை. தொட்ட பிறகு சைகை வருவதற்குள் ஸ்பிண்டில் கடந்த தூரம்தான் விட்டத்திலிருந்து கழிந்திருக்கிறது. எந்திரம் அந்தக் குறைந்த எண்ணையே குண்டின் அளவாக நினைவில் வைத்துக்கொள்கிறது. வேகத்தை மாற்றித் தொட்டால் எண் மாறிவிடும் என்பதால், எந்த வேகத்தில் வளையத்தைத் தொட்டாரோ அதே வேகத்தில்தான் ஜாப்பையும் தொட வேண்டும் என்று நிரலின் மேல்வரியில் எழுதி வைத்திருப்பார்கள்.